லைக் வருது, ஆர்டர் வரலையே! பழனி மலைத்தொடரின் சிறு வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று மேல்மலையிலும் கீழ்மலையிலும் பூண்டு, காபித்தூள், தேன், சாக்லேட் விற்கிறவர்களும், வீட்டில் இரண்டு அறையை விருந்தினருக்கு விடுகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒன்றுதான். உங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான்.

இன்ஸ்டாவா, யூடியூபா, ஃபேஸ்புக்கா? எதில் ஆரம்பிக்கிறது?

ஆப்பைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து மூன்று விஷயம் எழுதுங்கள். இந்த வருஷம் விற்க என்னிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது அல்லது எத்தனை அறை இருக்கிறது? அதை வாங்க எத்தனை பேர் போதும்? அந்த ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

ஐந்நூறு கிலோ பூண்டு வைத்திருக்கிற ஒரு பூம்பாறை விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் வருஷத்துக்கு ஐந்து கிலோ வாங்கினால் நூறு குடும்பம் போதும். நூறே நூறு! மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் சொந்தக்காரர், பழகினவர், அவர்கள் கைகாட்டுகிறவர் என்று தேடினாலே பாதி தேறிவிடும். அவருக்கு யூடியூப் சேனல் எதற்கு? வாட்ஸ்அப்பும் ஒழுங்கான ஒரு போன் நம்பரும் போதும்.

இரண்டு அறை வைத்திருக்கிறவர் கதை வேறு. அவரிடம் வருகிறவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர். ஊரை மேப்பில் தேடித்தான் வருவார். அவருக்கு முதல் வேலை கூகுள் மேப்பில் தன் வீட்டைச் சரியான இடத்தில் பதிவது. அது இலவசம். இன்ஸ்டாகிராம் அடுத்தபடி.

என் ரீல் ஒன்று லட்சத்துக்கு மேல் போச்சு. ஒரு ஆர்டர்கூட வரலை. ஏன்?

பார்த்தவர் யார் என்று பாருங்கள். பனி மூடின ரோட்டை எடுத்துப் போட்டிருப்பீர்கள். பனியைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் பார்த்தார்கள், போய்விட்டார்கள். நீங்கள் தேன் விற்பது அந்த வீடியோவில் எங்கேயும் இல்லை.

2024 தொடக்கத்தில் ஒரு மலையாளப் படம் ஓடின பிறகு குணா குகைக்குக் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் ஊரில் எல்லோருக்குமே குகை ரீல் போட ஆசை வந்தது. உங்கள் வீடு மன்னவனூரில் இருந்தால் அந்தக் கூட்டத்தால் உங்களுக்கு என்ன? காலையில் வந்து குகையைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் மலை இறங்குகிறவர் மன்னவனூர் வரை வந்து ராத்தங்கப் போவதில்லை. ட்ரெண்டில் ஏறும் முன் இந்தக் கூட்டத்தில் என் வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பிடித்துப்போனவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பல பேஜ்களில் சொல்லியே இருக்காது. பயோவில், அதாவது பேஜின் அறிமுக வரிகளில், போன் நம்பர் இல்லை, விலை இல்லை, எந்த ஊருக்கு அனுப்புவீர்கள் என்ற தகவலும் இல்லை.

தினமும் போஸ்ட் போடணுமா? என்னதான் போடுறது?

தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு போதும், ஆனால் விடாமல் போடுங்கள். தோட்ட வேலையும் சமையலும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் தினம் ஒன்று என்று ஆரம்பித்தால் மூன்றாம் வாரமே நின்றுவிடும்.

எதைப் போடுவது என்பதற்கு, வாங்குகிறவருக்கு என்ன சந்தேகம் வரும் என்று யோசியுங்கள். மலைப்பூண்டு வாங்குகிறவருக்குள்ள பெரிய சந்தேகம், இது நிஜமாகவே மலைப்பூண்டுதானா என்பது. அதற்குப் பதில் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அறுத்த பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டிப் புகையில் தொங்கவிடுகிறீர்கள் இல்லையா? போனை அங்கே கொண்டுபோங்கள். கீழே புகை, மேலே வரிசையாகக் கொத்துகள், தோலில் லேசாக ஏறின பழுப்பு. ஒரு கொத்தைக் கழற்றி, ஒரு பூண்டை உடைத்து, பல்லை நகத்தால் கீறிக் காட்டுங்கள். பாட்டெல்லாம் வைக்க வேண்டாம், தோல் உரிகிற சத்தமே போதும். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நின்று, "இப்படித் தொங்கப் போட்டாத்தான் மாசக் கணக்கா கெடாது" என்று தன் பேச்சில் சொல்லட்டும். முப்பது விநாடிதான். சமவெளிக் கடைக்காரர் எவராலும் எடுக்க முடியாத வீடியோ அது.

ஒரு ரீலைப் புதியவர்களிடம் கொண்டுபோவது எது என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், லைக் போட்டார்களா, இன்னொருவருக்கு அனுப்பினார்களா என்ற மூன்றும்தான் முக்கியம். அதிலும் உங்களைத் தெரியாதவரிடம் போய்ச் சேர்வதற்கு, அனுப்புவதுதான் பெரிது என்றார். அதனால் எடுக்கும் முன்பே, இதை யார் யாருக்கு அனுப்புவார் என்று யோசியுங்கள். "அம்மா, இந்தப் பூண்டு பாரு" என்று ஒரு மகள் அனுப்புவாளா? அனுப்புவாள் என்று தோன்றினால் எடுங்கள்.

வாட்ஸ்அப் மட்டும் போதுமா?

முக்கால்வாசிப் பேருக்குப் போதும். ஆனால் சாதா வாட்ஸ்அப் வேண்டாம், வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போடுங்கள். காசு கிடையாது. அதில் கேட்டலாக் உண்டு, சரக்கைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். "கொரியர் சார்ஜ் எவ்வளவு" என்ற கேள்விக்கு ஒரே தட்டில் பதில் போகிற மாதிரி எழுதி வைக்கலாம். பணம் வந்தது, பார்சல் போனது, பாக்கி என்று ஒவ்வொரு சாட்டிலும் லேபிள் ஒட்டலாம். லேபிளைச் சரியாகப் பயன்படுத்தினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ப்ராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகிற மாதிரி, அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் முதல் பார்சலுக்குள்ளேயே ஒரு சின்னச் சீட்டு வையுங்கள்: "இந்த நம்பரைப் பூம்பாறை பூண்டு என்று சேமித்து வையுங்கள், அடுத்த அறுவடைக்குச் சொல்கிறோம்." பேஜில் ஆயிரம் ஃபாலோயர் சேர்ப்பதைவிட இந்தச் சீட்டு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று நம் நாட்டில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அதிலேயே கூட்டம் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு எல்லாம் போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரம் முடங்கின. பேஜ் கம்பெனிக்காரனுடையது. வாடிக்கையாளரின் பெயரும் நம்பரும் உங்கள் நோட்டில் இருந்தால் அது உங்களுடையது.

விலையை வெளியே போடலாமா? எல்லாரும் "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க"ன்னுதானே போடுறாங்க?

போடுங்கள். விலை கேட்க வெட்கப்பட்டு நகர்ந்துவிடுகிற ஆட்கள் நிறைய. ஆனால் போடும் முன் விலை சரிதானா என்று பாருங்கள். நம் ஊரில் அதிகம் தடுக்குவது இங்கேதான்.

ஒரு உதாரணம். பூண்டு உங்களுக்குக் கிலோ 300 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டி, டேப், சீட்டு 25. கொரியர் 90. பத்துப் பார்சலில் ஒன்று சேதமாகி மறுபடி அனுப்ப வேண்டி வந்தால் அந்தச் செலவைப் பத்தாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு 40. ஆக 455. உங்கள் உழைப்புக்கு இன்னும் ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை. இந்தக் கணக்கைப் போடாமல் "400 ரூபாய், கொரியர் ஃப்ரீ" என்று ரீல் போட்டால், அது வைரலாக ஆக நஷ்டம்தான் ஏறும்.

கொரியரில் கனஅளவு எடை என்று ஒன்று உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 30, 25, 20 அளவுள்ள பெட்டி என்றால் மூன்று கிலோ. உள்ளே ஒரு கிலோ சரக்குதான் இருந்தாலும் மூன்று கிலோவுக்குக் காசு கேட்பார்கள். கைக்குக் கிடைத்த பெரிய பெட்டியில் அனுப்பாதீர்கள்.

எல்லாத்தையும் ஆன்லைன்ல விக்கலாமா? சாக்லேட், பட்டர் ஃப்ரூட், பிளம்ஸ்?

பயணத்தைத் தாங்குவதை மட்டும் விற்கலாம். சாக்லேட்டில் இருக்கிற கொக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும். மே மாதம் மலையடிவாரத்து வத்தலக்குண்டு தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டர் ஃப்ரூட் காயாக அனுப்பினால் போய்ச் சேரும். எத்தனை நாளில் பழுக்கும், எப்போது அறுக்கலாம் என்று எழுதி அனுப்பினால்தான் புகார் வராது. பிளம்ஸை ஊரிலேயே விற்றுவிடுங்கள், அல்லது ஜாமாக்கி அனுப்புங்கள். பூண்டும், மிளகும், தாண்டிக்குடி பக்கத்துக் காபித்தூளும்தான் ஆன்லைனுக்குப் பொருத்தமானவை.

ஹோம்ஸ்டே வச்சிருக்கேன். சீசனுக்கு முன்னாடி விளம்பரம் பண்ணலாமா?

ஏப்ரல், மேயில் விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்பது என் கருத்து. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். சீசனில் மலைக்கு மேல் வருகிற கூட்டத்துக்கே அளவு இருக்கிறது. அந்தக் கூட்டம் எப்படியும் வரும், உங்கள் இரண்டு அறையும் நிறைந்துவிடும். உங்கள் பிரச்சினை ஜூலையும் ஜனவரியும். மழை, குளிர், காலி அறை. பேச வேண்டியது அந்த மாதங்களைப் பற்றி.

அந்த மாதங்களில் யார் வருவார்? அமைதி வேண்டுகிறவர், எழுதுகிறவர், லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வயதான தம்பதி. அவர்கள் கேட்பது அருவியைப் பற்றி இருக்காது. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், இன்டர்நெட் எப்படி, படி எத்தனை, சாப்பாடு வீட்டிலேயே கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். இதற்கெல்லாம் ஒரு வீடியோவில் பதில் சொல்லிவிடுங்கள். கையில் போனோடு கேட்டிலிருந்து கட்டில் வரை நடந்தே காட்டினால் போதும்.

கூடவே ஒரு போஸ்ட்டைப் பேஜின் மேலே பின் செய்து வையுங்கள்: இ-பாஸ் எப்படி எடுப்பது, 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி, பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், கோடை ரோட்டில் ரயில் இறங்கினால் மேலே எப்படி வருவது. இதை எழுத அரை மணி நேரம் ஆகும். ஊருக்கு வர நினைக்கிற ஒவ்வொருவரும் சேமித்து வைத்து அடுத்தவருக்கு அனுப்புகிற போஸ்ட் இதுவாகத்தான் இருக்கும். விதி மாறினால் அன்றே மாற்றுங்கள். பழைய தகவல் இருந்தால் உங்கள் மேல்தான் கோபம் வரும்.

அனுமதி, பதிவு எல்லாம் முறையாக இருந்தால் மட்டுமே விளம்பரம் செய்யுங்கள். அனுமதி இல்லாத கட்டடங்களுக்குச் சீல் வைத்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

கூகுளில் ஒரு ஸ்டார் போட்டுக் கேவலமா எழுதிட்டாங்க. என்ன பண்றது?

அன்று ராத்திரி பதில் எழுதாதீர்கள். காலையில் எழுதுங்கள். உங்கள் பதிலை அவர் படிக்கிறாரோ இல்லையோ, அடுத்து வரப்போகிற ஐம்பது பேர் படிப்பார்கள். அவர்களுக்காக எழுதுங்கள்.

"வெந்நீர் இல்லை, ரோடு மோசம், ஏமாற்று வேலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். நீங்கள் தங்கின அன்று காலை கரண்ட் இல்லாததால் கீசர் ஓடவில்லை. வாளியில் வெந்நீர் கொடுத்தோம், ஆனால் குளிரில் அது உங்களுக்குச் சிரமம்தான். இப்போது விறகு பாய்லர் வைத்துவிட்டோம். கடைசி ஒரு கிலோமீட்டர் மண் ரோடுதான். அதை இனி புக்கிங் சமயத்திலேயே சொல்கிறோம். அடுத்த முறை வந்தால் சொல்லுங்கள்."

நடந்ததைச் சொல்லி, மாற்றியதைச் சொல்லி நிறுத்துங்கள். "நீங்கதான் குடிச்சிட்டு சத்தம் போட்டீங்க" என்று ஆரம்பித்தால், அது உண்மையாகவே இருந்தாலும், படிக்கிறவர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார். பாய்லர் வைக்காமல் வைத்ததாக எழுதவும் கூடாது.

நல்ல ரிவியூ எழுதினால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள். கூகுள் விதிப்படி அது தவறு. கிளம்பும்போது வாய்விட்டுக் கேளுங்கள், போதும்.

இன்ஃப்ளூயன்சர் ஒருத்தர் ரெண்டு நாள் ஃப்ரீயா தங்கிட்டு வீடியோ போடறேங்கிறார். சரின்னு சொல்லலாமா?

சீசன் வார இறுதி என்றால் வேண்டாம். அந்த இரண்டு நாள் வாடகை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும், அதுதான் நீங்கள் அவருக்குக் கொடுக்கிற சம்பளம். ஜூலையில் வரட்டும், காலி அறைதானே.

பேசும்போது மூன்றைக் கேளுங்கள். உங்களைப் பார்க்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? (இன்சைட்ஸில் அவருக்கே காட்டும், ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.) என்னென்ன போடுவீர்கள், எந்தத் தேதிக்குள்? அந்த வீடியோவை என் பேஜிலும் போட்டுக்கொள்ளலாமா? ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இலவசமாகத் தங்கியதை அவர் வீடியோவில் சொல்லியாக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது. பணம் மட்டுமல்ல, இலவசத் தங்கலும் பொருளும் அதில் அடங்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு முதல் தடவையே 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். "சொல்லாமல் போட்டாத்தான் நம்புவாங்க" என்கிறவரை அப்படியே வழியனுப்பிவிடுங்கள்.

ஃபாலோயர் வாங்கலாமா?

வேண்டாம். அவர்களில் ஒருவரும் பூண்டு வாங்கப்போவதில்லை. உங்கள் வீடியோவை அவர்கள் பார்க்காமல் விடுவதால், நிஜமான ஆட்களுக்குப் போகிறதும் குறையும்.

காசு கட்டி பூஸ்ட் பண்ணினா?

ஏற்கனவே தானாக ஓடி ஆர்டர் கொண்டுவந்த போஸ்ட்டை மட்டும் பூஸ்ட் செய்யுங்கள். ஊரைத் தேர்ந்தெடுங்கள்: மதுரை, திருச்சி, கோவை என்று இரண்டு மூன்று போதும். ஆயிரம் ரூபாய் போட்டு நாலு பேர் வாங்கினால் ஒரு வாடிக்கையாளருக்கு 250 ரூபாய் செலவு. ஒரு கிலோவோடு போய்விடுகிறவர் என்றால் நஷ்டம். வருஷா வருஷம் ஐந்து கிலோ வாங்குகிறவர் என்றால் லாபம். திரும்ப வாங்குகிறார்களா என்பது தெரியாதவரை பூஸ்ட் பக்கம் போகாதீர்கள்.

"கொடைக்கானல் மலைப்பூண்டு"ன்னு போட யாருக்கும் உரிமை உண்டா?

அந்தப் பெயருக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது இங்கே விளைந்ததற்குத்தான் இந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. விளைகிற ஊர்க்காரர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்துகொள்ளலாம், செய்துகொள்ளுங்கள். வேறெங்கோ விளைந்த பூண்டை வாங்கி மலைப்பூண்டு என்று விற்கிற பேஜ்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்தப் பெயரைச் சம்பாதித்தது மேல்மலை விவசாயிகளின் பல தலைமுறை உழைப்பு. ஜாம், தேன், சாக்லேட் போன்றவற்றுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். அதே எண்ணைப் பயோவிலும் போட்டு வையுங்கள், நம்பிக்கை தானாக வரும்.

யாருக்கும் தெரியாத அருவி ஒண்ணு எங்க ஊர்ப் பக்கம் இருக்கு. வீடியோ போட்டா நல்லா ஓடும். போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். 2013 முதல் இங்கே நிறையக் காடு வனவிலங்குச் சரணாலயம். அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம். நீங்கள் இடத்தைச் சொன்னால் அடுத்த வாரமே பைக்கில் வந்து இறங்குவார்கள். பாறை வழுக்கும், காட்டுமாடு நிற்கும், ஒன்று நடந்தால் தூக்கிவர ஊர்க்காரர்கள்தான் போக வேண்டும். அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறவர்களும் நம் ஆட்கள். உங்கள் தோட்டம், உங்கள் அடுப்பு, உங்கள் வீட்டு வாசல் போதாதா?

பணம் அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்புறாங்க. நம்பலாமா?

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், பேங்க் மெசேஜையோ பேலன்ஸையோ பாருங்கள். பணம் வாங்க பின் நம்பர் போடவே தேவையில்லை. போடச் சொன்னால் அது திருட்டு. "மிலிட்டரி கேம்ப்புக்கு மொத்த ஆர்டர்" என்று வருகிற போனும் பெரும்பாலும் அதே கதைதான். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள்.

பேஜை மெட்ராஸ்ல இருக்கிற பையன்தான் பார்த்துக்கறான். அது போதாதா?

எடிட் செய்து போடுவதற்குப் போதும். ஆனால் "பூண்டு இருக்கா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் சரக்கு பக்கத்தில் இருக்கிறவர். தம்பி அங்கிருந்து "இருக்கு" என்று சொல்லி, இங்கே நேற்றே தீர்ந்துபோயிருந்தால் பெயர் கெடும். கேட்டவருக்குச் சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும். சிக்னல் இல்லாத ஊர் என்றால், "காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பதில் சொல்வோம்" என்று தானியங்கிச் செய்தி போட்டு வையுங்கள், காத்திருப்பார்கள். பாஸ்வேர்டும் அதற்குண்டான போன் நம்பரும் குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

எல்லாம் செய்யறேன். பலன் இருக்கான்னு எப்படித் தெரியும்?

ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி: தேதி, பெயர், ஊர், என்ன வாங்கினார், எப்படித் தெரிந்து வந்தார், இது எத்தனையாவது தடவை. "எங்களைப் பத்தி எப்படித் தெரியும்ங்க?" என்று எல்லோரிடமும் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எந்த வழியில் ஆள் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். வராத வழியை நிறுத்திவிடுங்கள், அது இன்ஸ்டாகிராமாகவே இருந்தாலும்.

குறிஞ்சி பூக்கிற வருஷத்துக்கு இப்பவே ஏதாவது செய்யணுமா?

ஆமாம், இப்போதே. 2006, 2018, அடுத்தது 2030. பூத்த பிறகு பேஜ் ஆரம்பிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். அதற்குள் உங்கள் நோட்டில் ஐந்நூறு பெயர் இருந்தால், 2029 கடைசியில் அவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பி, அறையை முன்கூட்டியே பேசிவிடலாம். வண்டிக்கு வரம்பு அப்போதும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்: பேருந்தில் வருகிறவரை வத்தலக்குண்டிலோ கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலோ போய்க் கூட்டிவர யார், வண்டி எது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். 2018-இல் எடுத்த போட்டோக்கள் பழைய போனில் கிடந்தால், போன் கெட்டுப்போகும் முன் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பூவைப் பறிக்க விடமாட்டோம் என்பதையும் அந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.